திருப்பிப் பார்த்த செம்பு

நம் வகுப்பில் வாங்குப் பலகை போதாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளில், இன்றைக்கும் கண் தெரிந்து இதை வாசிக்கக்கூடியவர்கள் மிகச் சிலர்தான் இருப்பீர்கள். உங்களுக்காகவே எழுதுகிறேன். மற்றவர்கள் வாசிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் பிழை விட்டால் திருத்தக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான். யாருடைய பெயரையும் எழுதவில்லை. இதில் வரும் பெரிய வீட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கண்டியில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் போன மாதம் எனக்குக் கண்ணாடி மாற்றித் தந்தார்.

ஆண்டை முதலில் நிறுவிவிட வேண்டும். அது என் பழைய வியாதி. மலேரியா குருநாகல் பக்கம் வீடு வீடாக ஆட்களைக் கொண்டுபோனது 1934 கடைசியிலும் அடுத்த ஆண்டிலும். நான் சொல்வது அதற்கு முந்திய ஆண்டு. தேயிலையும் ரப்பரும் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்து, ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் இந்தியாவுக்குப் போகக் காத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே 1933. பெரஹரா ஊர்வலம் முடிந்து யானை லத்தியின் வாடை வீதியில் போகாமல் இருந்த நாட்களில் தொடங்கி, வருடக் கடைசி மழை வரைக்கும். வேறு ஆதாரம் யாரிடமாவது இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் வாப்பாவின் கடை பித்தளை, செம்புச் சாமான் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. புதுச் சாமான் தெருப்பக்கம் தொங்கும். பழைய சாமான் திரைக்குப் பக்கத்தில், பலகைக்குக் கீழே, சாக்கு போர்த்திக் கிடக்கும். புளியும் ஈயமும் கலந்த ஒரு புளித்த மணம் எங்கள் சோற்றில்கூட இருக்கும். அதுதான் நான் பள்ளிக்கூடம் போன கடைசி வருடம் என்று வீட்டில் ஏற்கனவே முடிவாகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. உம்மா எனக்குப் புதுச் சட்டை தைக்காமல் பழையதன் மடிப்பை அவிழ்த்து நீட்டியதிலிருந்து நானாகப் புரிந்துகொண்டேன்.

சரித்திர மாஸ்டர் அந்தப் பள்ளித் தவணையில்தான் வந்தார். யாழ்ப்பாணத்தார், இளவயது, கழுத்துப் பொத்தானைக் கண்டி வெயிலிலும் திறக்காதவர். முந்திய மாஸ்டர் அரசர்களின் வரிசையை மனப்பாடம் செய்ய வைத்து, தவறியவரை வெயிலில் நிறுத்துவார். புதியவர் முதல் நாளே புத்தகத்தை மூடி மேசைக்குள் வைத்தார்.

"பிள்ளையள், உங்கட வீட்டில இருக்கிறதுக்குள்ள பழைய சாமான் ஒண்டைக் கொண்டு வாங்கோ. ஆரின்ர, எவ்வளவு காலம் எண்டு சொல்லக் கூடாது. சாமானே சொல்லட்டும்."

கரும்பலகையில் மூன்று கட்டம் கீறினார். 'கண்டது', 'கேட்டது', 'ஊகித்தது'. சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து அறிவது முதல் கட்டம். அதைப் பற்றி ஒருவர் வாயால் சொல்வது இரண்டாவது. இரண்டையும் வைத்து நாங்கள் நினைப்பது மூன்றாவது. ஒன்றை மற்றதன் கட்டத்தில் போட்டால் சோக்குத் துண்டு தலைக்குப் பறந்து வரும். இன்றுவரை நான் எதை எழுதினாலும் மனதுக்குள் அந்த மூன்று கோடுகளைக் கீறிக்கொள்கிறேன்.

அந்த முதல் வாரங்களைப் போல் ஒரு சந்தோஷம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. நான் கொண்டுபோனது எங்கள் வீட்டுப் பழைய படிக்கம். வகுப்பே மூக்கைப் பொத்தியது.

"துப்புற சட்டிய தூக்கிட்டு வந்திருக்கா சேர்."

"நீ துப்புறதுக்கு எண்டு கொண்டு வந்தவவாக்கும்," என்றார் மாஸ்டர். சிரிப்பு அடங்கியதும் படிக்கத்தைச் சுழற்றினார். "வடிவாப் பாருங்கோ. விளிம்பு எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?"

ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தது. அதே பக்கம் அடியிலும் நசுங்கியிருந்தது. இதை வைத்திருந்தவர் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், ஒருவேளை மற்றப் பக்கம் அவருக்கு வலி என்று ஊகித்தோம். வீட்டுக்கு வந்து கேட்டேன். என் வாப்பாவின் வாப்பாவுக்கு இடுப்பில் வாதம் இருந்ததாம். நான் பார்த்தே இராத ஒருவரின் இடுப்பு வலி எனக்குத் தெரிந்துவிட்டது. 

பன்விலைப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு தகரத் துண்டு கொண்டு வந்தான். ஓரத்தில் ஓட்டை, ஓர் எழுத்து, சில இலக்கங்கள். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களின் கழுத்தில் கட்டியது. ஓட்டை மேற்பக்கமாக நீண்டு தேய்ந்திருந்தது, கயிறு அறுத்த அடையாளம்.

"இதுல பேரு இல்லையே சேர்," என்று ஒருத்தி கேட்டாள். என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். அம்பிட்டியவில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டக்காரரின் மகள்.

"இல்லை."

"அப்ப யாரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"இலக்கத்தை வச்சுத் தோட்டம் தெரியும். ஆள் தெரியாது."

அவள் அந்தத் தகரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க தாத்தா கழுத்துலயும் ஒண்ணு இருந்துச்சாம்," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். மாஸ்டருக்குக் கேட்டிருந்தால் இரண்டாவது கட்டத்தில் போட்டிருப்பார்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகப்பன் தெல்தோட்டைத் தோட்டமொன்றில், ஆள் சேர்த்து வேலை வாங்கும் பெரிய கங்காணியின் கீழ் வேலை செய்தவர். கங்காணி வயதாகி அம்பிட்டியவில் வீடு கட்டிக் குடிவந்தபோது, ரோஜாச் செடிகளையும் இவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டிலை ஒட்டி ஓர் அறையில் தகப்பன், தாய், இவள், ஒரு தம்பி. கங்காணியின் கடைசி மகனும் எங்கள் வகுப்பில்தான் படித்தான். காலையில் அவன் ரிக்‌ஷாவில் வருவான், அவள் பின்னால் நடந்து வருவாள். பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை கங்காணி போட்டுக்கொடுத்தது. மழை பெய்து மாஸ்டரின் குரல் கேட்காமல் போகும்போதெல்லாம் அவன் மேலே பார்த்துச் சிரிப்பான்.

அவளுடைய முறை வந்தது. வீட்டில் பழையது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஒரு பித்தளைச் செம்பு. முதல் நாள் மாலை முழுவதும் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருக்கிறாள். தண்ணீர் மொள்ளும் வாய்ப்பக்கம் மட்டும் அல்ல. யாரும் துலக்காத அடிப்பக்கத்தையும் தென்னந்தும்பால் தேய்த்திருக்கிறாள். வகுப்பில் எல்லாரும் பார்க்கப் போகிற சாமான் அல்லவா. அவள் விரல்கள் புளியில் ஊறிச் சுருங்கியிருந்ததை நான் கண்டேன். இது முதல் கட்டம்.

மாஸ்டர் செம்பை வெயில்படும் ஜன்னலில் வைத்தார். பொன் மாதிரி இருந்தது. தோள்பட்டையில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர். நம் ஊர்களில் ஏனத்துக்குப் பெயர் வெட்டுவது உங்களுக்குத் தெரியும். தட்டான் வெட்டினால் புள்ளி ஒரே ஆழத்தில் நூல் பிடித்தாற்போல் ஓடும். இது கோணலாக, ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் இருந்தது.

"எங்கப்பா ஆணிய வச்சு அவரே குத்தினாரு," என்றாள்.

"கேட்டது," என்று எழுதினார். பிறகு பெருவிரலால் பெயரின் மேலே தடவினார். முகம் மாறியது. "ஒவ்வொருத்தரா வந்து இந்த இடத்தைத் தடவிப் பாருங்கோ."

நாங்கள் வரிசையாகப் போய்த் தடவினோம். பெயர் இருந்த இடம் சுற்றியுள்ள இடத்தைவிடப் பள்ளமாக, மெல்லிசாக இருந்தது. இதற்கு முன் அங்கே வேறொரு பெயர் இருந்து, அரத்தால் அராவப்பட்டிருக்கிறது. மாஸ்டர் அவசரமாகச் செம்பைத் தன் பக்கம் இழுத்தார்.  புதையல் தோண்டுகிறவனுக்கு மண்வெட்டியில் ஏதோ தட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

"எந்தச் சாமானையும் திருப்பிப் பாக்காமல் விடக் கூடாது, பிள்ளையள்," என்று செம்பைக் கவிழ்த்தார்.

அடியில், அவள் துலக்கித் துலக்கி வெளியே கொண்டுவந்திருந்த இடத்தில், ஒரு சிறிய வேல். கைதேர்ந்தவன் வெட்டியது.

கங்காணி வீட்டு மகன் எழுந்தான். "சேர், அது எங்க வீட்டுச் செம்பு."

"எப்படிச் சொல்லுறாய்?"

"எங்க வீட்டு ஏனம் எல்லாத்துக்கும் அடியில வேல் இருக்கும். அம்மா கல்யாணத்துக்கு மதுரையில வெட்டிக்கிட்டு வந்தது."

"எங்கப்பா டவுன்ல வாங்கினாரு," என்றாள் அவள். "பெரஹராவுக்கு வந்தப்ப."

"எந்தக் கடையில?" என்றார் மாஸ்டர்.

"கட பேரு தெரியாது. இவங்க வீட்டுல எங்கப்பாவுக்குச் செரட்டையிலதான் தண்ணி ஊத்துவாங்க. சமைக்கிற குசினிப் பக்கமே போகக் கூடாது. அதான் சொந்தமா ஒரு செம்பு வேணும்னு வாங்கினாரு."

தேங்காய்ச் சிரட்டை என்றதும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாஸ்டர் சோக்கை எடுத்து எழுதினார். முதல் கட்டத்தில்: பழைய பெயர் அராவப்பட்டிருக்கிறது, அடியில் வேல். இரண்டாவதில்: வேல் கங்காணி வீட்டு அடையாளம், தோட்டக்காரர் வாங்கினார். சிரட்டையையும் குசினியையும் அவர் எழுதவில்லை. அது சாமானைப் பற்றியது அல்ல என்று நினைத்திருக்க வேண்டும். மூன்றாவது கட்டத்துக்கு வந்தார்.

"என்ன ஊகிக்கலாம்?"

பின் வாங்கிலிருந்து யாரோ ஒருவன் சொன்னான்: "களவு."

அவர் எழுதினார். எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பெரிய கேள்விக்குறி, அடியில் புள்ளியை அழுத்தி வைத்தபோது சோக்கு உடைந்தது. உங்களில் சிலர் அப்படி எழுதவே இல்லை என்று சொல்லக்கூடும். அது எனக்குக் கேட்டது அல்ல, கண்டது.

கேள்விக்குறி பள்ளிக்கூட வாசலைத் தாண்டவில்லை. பையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது "களவு" மட்டும் போயிருந்தது.

மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று நானும் போகவில்லை. திரைக்குப் பின்னால் பாயில் படுத்திருந்தேன். கடைப் படிக்குக் கீழே ஒரு குரல் கேட்டது.

"மொதலாளி, ஒரு வார்த்த பேசணுங்க."

திரையை விலக்கிப் பார்த்தேன். தோட்டக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவள். வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்த முகங்கள்.

"என்ன வேணும்?"

"அந்தச் செம்புங்க. பெரஹரா சமயம் உங்ககிட்டதான் வாங்கினேன். இந்த இடத்துலதான், சாக்குக்குக் கீழ இருந்து எடுத்துக் குடுத்தீங்க. அத அவங்க வீட்டுதுங்குறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதுங்க. எங்கிட்டதான் வாங்கினான்னு."

வாப்பா தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெரஹராவுக்கு எத்தனையோ பேரு வந்து வாங்குறாங்க. எனக்கு ஞாபகம் இல்ல."

"ஞாபகப்படுத்திப் பாருங்க மொதலாளி. நானு வாயி நசுங்கியிருக்குன்னு சொன்னேன். நீங்க சுத்தியலால தட்டிக் குடுத்தீங்க."

"ஞாபகம் இல்ல எண்டு செல்றேனே."

 தோட்டக்காரர் மகளைப் பார்த்தார். "நீ பாத்தியேம்மா. சொல்லு."

 அவள் என் வாப்பாவைப் பார்க்கவில்லை. திரையின் இடுக்கில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை எங்களுடையது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று பகல் சாப்பாட்டுக்கு வாப்பா உள்ளே வந்தபோது உம்மா சோற்றைப் போட்டுவிட்டு விசிறியை எடுக்காமல் நின்றார். அதுவே சண்டை.

"பாவம் அந்த மனிசன். நீங்க போய்ச் செல்லுங்களேன்."

"செல்லி? அடுத்த பேச்சு என்ன வரும் தெரியுமா? ஒனக்கு அத வித்தது யாரு எண்டு கேப்பாங்க."

"கங்காணியாருட பொஞ்சாதிதானே அனுப்பினது. அவ வாயத் தொறந்தா முடிஞ்சி போச்சி."

"தொறப்பாவா? புருசனுக்குத் தெரியாம, கூடையில வாழ இலயப் போட்டு மூடி, வேலக்காரிட தலையில வச்சி அனுப்பின மனிசி. வீட்டுல செலவுக்கு இல்ல எண்டு கங்காணியாருக்கே தெரியா. அவரு இன்னும் ரிக்‌ஷா வச்சீக்கிறாரு."

"அப்ப அந்த ஏழ மனிசன் கள்ளனா?"

வாப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இந்தச் சாக்குக்குக் கீழ எத்தன வீட்டுச் சாமான் ஈக்கிது எண்டு நீங்க நெனக்கிறீங்க? வழக்குப் பேசுற புரக்டர் வீட்டுது ஈக்கிது. நம்மட ஆக்கள் வீட்டுதும் ஈக்கிது. வந்த அண்டைக்கே பேர அராவுறேன். ஏன்? அந்தப் பொம்பளைகள் வெளிய தலை காட்ட வேணுமே. நான் ஒரு பேரச் செல்லிட்டா நாளைக்கு ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டாங்க. அது மட்டுமில்ல, ஏறினவங்க யாரும் தூங்க மாட்டாங்க. என்னால ஏலா."

அவர் சொன்னது பொய் இல்லை. பஞ்சகாலத்தில் வீட்டுச் சாமான் விற்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய மானக்கேடு என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. எங்கள் வாப்பாவை நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கையை அவர் தொழுகையைப் போல் காத்தார். அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்க மறுத்துவிட்டார். அவர் வேல் அடியில் இருப்பதைக் கவனிக்காமல் விட்டதுதான் அவருக்கு அந்த விஷயத்தில் இருந்த வருத்தம் என்று நினைக்கிறேன். இது மூன்றாவது கட்டம். கேள்விக்குறியோடு.

காய்ச்சல் விட்டதும் நான் பள்ளிக்கூடம் போனேன். எல்லாரும் வெளியே போகும்வரை இருந்து, மாஸ்டரிடம் சொன்னேன். உம்மா சொன்னது, வாப்பா சொன்னது, கூடை, வாழை இலை, எல்லாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீ கண்டனியோ, கேட்டனியோ?"

"கேட்டேன் சேர்."

"கங்காணியாரின்ர மனைவி செம்பு அனுப்பினதை நீ காணேல்லை."

"இல்ல சேர்."

"உன்ர தேப்பன் அதைத் தோட்டக்காரனுக்கு வித்ததையும் காணேல்லை."

"இல்ல சேர்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அன்றும் இன்றும். ஏனென்றால் அன்று பின்னேரமே எங்கள் கடைக்கு வந்தார். வாப்பா கதிரை போட்டு, சீனி போட்ட பிளேன் டீ வரவழைத்தார். மாஸ்டர் கோப்பையைத் தொடாமலே கேட்டார்.

"உங்கட மகள் ஒரு கதை சொல்லுறா. அந்தச் செம்பு இந்தக் கடையில இருந்ததோ?"

"புள்ள காய்ச்சல்ல கெடந்தது மாஸ்டர். எதையோ கேட்டு எதையோ செல்லீக்கும்."

"அப்ப நீங்கள் விக்கேல்லை."

"இல்ல."

மாஸ்டர் தேநீரைக் குடித்தார். முழுக் கோப்பையையும் ஒரே மூச்சில் குடித்தார். திரைக்குப் பின்னால் நான் நின்றது இருவருக்கும் தெரியும். அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன், பாரம் இறக்கி வைத்தவரைப் போல. அப்போது ஏமாற்றம் என்று நினைத்தேன். பிற்பாடு, நானே பல பேரிடம் பல விஷயம் கேட்டு எழுதிய பிறகு, அது வேறு என்று தெரிந்துகொண்டேன். அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கூரை கங்காணியுடையது. அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். பரிவாகத்தான் பேசினார். "நீ சொன்னது செவிவழி. உன்ர தேப்பன் நேர்ச் சாட்சி. ரெண்டும் முரண்பட்டால் எதை எடுக்க வேணும்?"

"நேர்ச் சாட்சி."

"ஓம்."

"ஆனா சேர், தோட்டக்காரங்க குசினிக்குப் போக ஏலாது எண்டு அவ சொன்னாளே."

 நான் கேட்டதன் அர்த்தம் எனக்கே அப்போது முழுதாகத் தெரியாது. குசினியைக் கண்ணால் காணாத ஒருவர் குசினிச் செம்பை எப்படி எடுப்பார் என்பதை ஒழுங்காகக் கேட்க எனக்கு இன்னும் சில வருடங்கள் தேவைப்பட்டன. அவருக்கு அத்தனை வருடம் தேவைப்பட்டிருக்காது. மேசையில் கிடந்த சோக்குப் பொடியைத் துடைத்துவிட்டு, "நான் கேள்விக்குறி போட்டனான்," என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

கங்காணி பொலீசுக்குப் போகவில்லை. அதைப் பெருந்தன்மை என்று ஊர் பேசியது. விறாந்தையில் சாய்வுக் கதிரையில் உட்கார்ந்து, முற்றத்தில் நின்ற தோட்டக்காரரை விசாரித்தார். மாஸ்டரையும் அழைத்திருந்தார். வகுப்பில் செம்பில் கண்டவற்றை மாஸ்டர் ஒன்று விடாமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாராம். கங்காணியின் மனைவி கதவு மறைவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். கடைசியில் கங்காணி, செம்பைத் தன் வீட்டுக்குள் கொடுத்தனுப்பிவிட்டு, "உங்கப்பன் காலத்துலருந்து சோறு போட்டனேடா," என்று சொல்லி, ரோஜாச் செடிகளுக்கு நடுவால் போகாமல் வெளிப்பக்கமாகப் போகச் சொன்னாராம். இவ்வளவும் அவள் எனக்குச் சொன்னது.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது மழை நாளில், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடியில். சிலேட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். சிலேட்டு பள்ளிக்கூடத்துச் சொத்து.

"தெல்தோட்டைக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க யாரும் சேக்க மாட்டாங்களாம். பன்விலைக்கும் ஆள் அனுப்பிப் பாத்தாச்சு. களவாணின்னு சொல்லிட்டாங்கன்னா எந்தக் கங்காணியும் பேர் பதிய மாட்டாரு."

"அப்ப எங்க?"

"கீழ. குருநாகல் பக்கம் ரோட்டு வேலையாம்."

குழாயைத் திறந்து இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அத அவ்வளவு வெளக்கியிருக்கக் கூடாது," என்றாள். அழுக்காக விட்டிருந்தால் வேல் தெரிந்திருக்காது. குற்றம் முழுவதையும் அவள் தன் துலக்கலில் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கூரையில் மழை. அவளுக்குக் கேட்டிருக்காது.

அடுத்த ஆண்டு முடிவில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. குருநாகலிலிருந்து சாமான் வாங்க வரும் ஒரு வியாபாரி, தெருவோரக் கொட்டில்களில் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் கிடந்த கிடையைக் கடையில் சொன்னார். கண்டியில் தோட்டக்காரராக இருந்தவர் என்று ஒருவரைச் சொன்னார். தகப்பனும் சின்னப் பையனும் காய்ச்சலில் போய்விட்டார்களாம். பெண்பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் கேட்டது. கண்டது எனக்கு எதுவுமில்லை. மாஸ்டர் அதற்கு முன்பே மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்கு இது தெரிந்ததா என்பதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

ஆனால் ஒன்று கண்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவர்கள் குருநாகலுக்குப் போன சில வாரத்தில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பகல் முழுவதும் திரைக்குப் பின்னால்தான் இருப்பேன். ஒரு மத்தியானம், தெரு ஆளில்லாமல் கிடந்த நேரம், ஒரு வேலைக்காரி தலையில் கூடையோடு பின் வழியால் வந்தாள். வாழை இலையை நீக்கினாள். மேலே இருந்தது அந்தச் செம்பு.

கங்காணியின் மனைவியால் அதை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கோணல் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு யாரால் தண்ணீர் மொள்ள முடியும். அல்லது வெறுமனே செலவுக்கு இல்லாமல் போயிருக்கலாம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போடுகிறேன்.

வாப்பா தராசில் வைத்து எடுத்தார். வேலைக்காரி போனாள். வாப்பா பலகையில் குந்தி, செம்பை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அரத்தை எடுத்தார்.

"வாப்பா, அந்தப் பேர விடுங்களேன்," என்றேன்.

"நீ உள்ளுக்குப் போ."

நான் போகவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை. ஆணியால் குத்திய புள்ளிகள் ஆழமில்லாதவை. தட்டான் வெட்டியதை அராவ நேரம் பிடிக்கும். இது சீக்கிரமே போய்விட்டது. முதல் எழுத்து, அடுத்தது, கடைசியில் கொஞ்சம் ஆழமாகக் குத்தப்பட்டிருந்த ஒரு புள்ளி மட்டும் நின்றது. அதையும் அரத்தின் முனையால் தேய்த்தார். அந்த இடத்தில் பித்தளை தாள் மாதிரி மெலிந்திருக்க வேண்டும். விரலால் அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இந்த முறை அவர் செம்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த வேல் அடையாளத்தையும் அராவினார். பிறகு பலகையில் சிந்தியிருந்த மஞ்சள் பொடியை உள்ளங்கையால் கூட்டி எடுத்து, உருக்கப் போகும் பழைய பித்தளையோடு போட்டார். அதற்கும் எடை உண்டு.